சாமி கொட்டகையில் இருந்தபோது

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கோபம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும், அப்புறம் வாய் திறக்கும், அதற்கப்புறம் என்னை நிறுத்த ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இதை எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கோயிலை வீடு கட்டும் கம்பெனிக்காரன் இடித்தான் என்றுதான் சொல்வார்கள். அவன் இடிக்க வந்தது உண்மை. அவனால் முடியவில்லை என்பதும் உண்மை.

திகாம் பத்துவிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். நான் பிறந்தபோது ரப்பர். கல்யாணமாகி சுங்கைப் பட்டாணிக்கு வந்தபோது செம்பனை. இப்போது பாதித் தோட்டம் தாமான் ஆகிவிட்டது, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஆட்கள் குடியிருந்த லயன்களை இடித்தார்கள், பள்ளிக்கூடத்தை டவுன் பக்கம் மாற்றினார்கள், ஆட்கள் குருணுக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் நின்றது.

பெரிய கோயில் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், மேலே மண் ஓடு. தோட்டத்து ஆட்களே வேலை முடிந்து வந்து கட்டியது. மற்றக் கோயில்களில் வாசலுக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள் கதாயுதத்தோடு நிற்பார்கள். எங்கள் கோயிலில் ஒரு பக்கம் அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டு ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். மறுபக்கம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பெண்: தலையில் துண்டு, தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால்வாளி. சாந்தைப் பிசைந்து அவளைச் செய்தவர் எந்தக் குருவிடமும் படித்தவர் இல்லை, மூக்கைப் பார்த்தாலே தெரியும். நாங்கள் அவளை வாளிக்காரி என்போம். அவள் வாளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அம்மனைக் கும்பிட உள்ளே போவோம். என் அம்மா அதே மாதிரி வாளி தூக்கியவள். அம்மன் வாசலில் எங்கள் ஆளுக்கும் ஒரு இடம் இருக்கிறது என்ற திமிர் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு.

கோயில் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை, என்னைவிட இளையவன். அவன் அம்மா ஆலை வேலைக்குப் போன நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். இப்போது திகாம் பத்துவில் டயர் கடை வைத்திருக்கிறான், நாலு பேர் மதிக்கிறார்கள். தலைவர் அவர்கள் என்று எழுதுவதுதான் மரியாதை. தம்பி என்று கூப்பிட்டு வளர்த்த உரிமையில் அவன் என்றே எழுதுகிறேன்.

கம்பெனிக்காரன் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்த அன்று முதலில் ஓடியவன் அவன்தான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தான். "மொதல்ல என் மேல ஏத்து, அப்புறம் ஆத்தா மேல ஏத்து!" என்று அவன் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பையன் இறங்கியே போய்விட்டான். நாங்கள் பெண்களெல்லாம் வாளிக்காரிக்குப் பக்கத்தில் நின்றோம். போலீஸ் வந்தது, பேச்சு நடந்தது, கம்பெனி இப்போதைக்கு ஒதுங்கிக்கொண்டது. எங்களிடம் நிலப் பத்திரம் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். தோட்டக் காலத்தில் துரை "கட்டிக்கொள்" என்று வாயால் சொன்ன இடம் அது.

அப்புறம்தான் அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் வந்தாள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசாங்க இலாகாவில் அதிகாரி. என் மகள் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வாளிக்காரி முன்னால் நின்றவள் நகரவே இல்லை. இப்படி ஒன்றை வேறு எங்கேயும் பார்த்ததில்லை என்றாள். என்னை அக்கா என்ற பொருளில் 'காக்' என்று கூப்பிட்டு, மலாயில் ஒவ்வொன்றாக விளக்கினாள். பத்திரம் இல்லாவிட்டாலும் கட்டடத்தின் வயதே ஒரு பத்திரம். அரசாங்கப் பாதுகாப்பில் சேர்த்துவிட்டால் அப்புறம் நிலத்தை யாரும் தொட முடியாது. ஆனால் அதுவரை கட்டடம் இருக்கிறபடியே இருக்க வேண்டும். ரிப்பேர் செய்யலாம், மாற்றக் கூடாது. "இலாகாவிலிருந்து ஆள் அனுப்ப முடியாது, காக். நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள்.

பார்த்துக்கொண்டோம். யாரும் வந்து கற்றுக்கொடுத்துப் பட்டம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுக் கிளம்புவோம். சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றுகளை வேரோடு பிடுங்கினோம். கோயிலைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் கால்வாய் வெட்டினோம். விளக்கெண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டாமல் துணியால் ஒற்றி எடுத்தோம். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும் என்று அந்த அதிகாரி சொன்னதால், பழைய முறைப்படி சுண்ணாம்பை ஊறப்போட்டுக் குழைத்துப் பூசினோம். குழைத்தது நானும் தலைவனின் பெண்சாதியும். கையெல்லாம் பொத்துப் போய்விட்டது. "அக்கா, இந்தக் கையோட பெசஞ்சா இடியாப்பம் வெளங்குமா?" என்று அவள் சிரிப்பாள். சொந்தத் தங்கையிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

குருண் பக்கம் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டு மலாய்ப் பெரியவர் தம் கூரையின் மண் ஓடுகளைச் சும்மாவே கொடுத்தார். கோயிலுக்கு என்று தெரிந்ததும் உடையாமல் இருக்க இடையில் வைக்கோலும் போட்டுக் கொடுத்தார். தோட்டத்தை விட்டுப் போனவர்களைத் தேடித் தேடிப் பழைய புகைப்படங்கள் கேட்டேன். யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் வாளிக்காரி எட்டிப் பார்த்தாள். இன்னொரு படத்தில் கூரை முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அதிகாரிக்கும் அனுப்பினேன். "நல்லா இருக்கு காக், இதுதான் வேணும்" என்று பதில் வரும். அன்றைக்கு முழுதும் எனக்குக் கால் தரையில் பாவாது.

கருவறைக்கு மேலே ஓடு உடைந்து அம்மன் தலையில் மழை சொட்ட ஆரம்பித்தது. அங்கேதான் கதை திரும்பியது. மேலே ஏறி ஓடு மாற்ற வேண்டும். ஆனால் அம்மன் உள்ளே இருக்க, அவள் தலைக்கு மேலே மனுசன் காலை வைப்பதா? நான்தான் கூடாது என்றேன். பாலாலயம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று சொன்னதும் நான்தான். குருக்கள் வந்து மந்திரம் சொல்லி, அம்மனுடைய சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் வைப்பார். வேலை முடியும்வரை பூசை எல்லாம் கொட்டகையில்தான். முடிந்ததும் அம்மன் மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடுவாள். எந்தக் கோயிலிலும் உள்ள வழக்கம். சர்க்கரைப் பொங்கலை நான் வைத்தேன். கலசத்தைத் தலைவன்தான் தலையில் சுமந்து வந்தான். பார்க்கவே கண் நிறைந்தது.

அந்த வாரத்திலேயே ஜொகூரிலிருந்து மகள் கூப்பிட்டாள், பிரசவம் நெருங்கிவிட்டது என்று. ஓடு வேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

"நீங்க போயிட்டு வாங்கக்கா, நாங்க இல்லையா?" என்றான் அவன். "பேரப்புள்ளைய விடக் கூரை முக்கியமா? நான் பாத்துக்கிறேன்லா."

போனேன். மகளுக்குப் பத்தியம், குழந்தைக்குக் குளிப்பாட்டு, தலைக்கு மேல் வேலை. நடுவில் கூப்பிட்டுக் கேட்டால் "வேலை நடக்குதுக்கா" என்பான். பொய் இல்லை, நடந்துகொண்டுதான் இருந்தது.

திரும்பி வந்த மறுநாளே வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாதை திரும்பும் இடத்தில் செம்பனைக்கு நடுவே ஓடு தெரியும். தெரியவில்லை. மரம் வளர்ந்து மறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போனால் வெறும் செம்மண். சமப்படுத்தி, கயிறு கட்டி, கான்கிரீட் தூணுக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் விளக்கு எரிகிறது. ஓரத்தில் ஒரு மண்வாரி இயந்திரம் நிற்கிறது. கம்பெனிக்காரனுடையது இல்லை, நாங்களே வாடகைக்கு எடுத்தது.

அவன் தலைக்கவசம் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தான்.

"வாங்கக்கா! புள்ள எப்படி இருக்கு? ஆம்பளப் புள்ளயாமே?"

"கோயில் எங்கடா?"

"அதான் கட்டப் போறோமேக்கா. மூணு நெல கோபுரம். தமிழ்நாட்டுலேர்ந்து ஸ்தபதி வர்றாரு."

"ஓடு மாத்துறேன்னுதானேடா சொன்ன?"

"ஏறிப் பாத்தா சட்டமெல்லாம் உளுத்துப் போச்சு. எத்தன நாளைக்கு ஒட்டுப் போடுறது?"

"சாமி குடியிருந்த எடத்துல மெஷினை விட்டிருக்கியே, பாவி, ஒனக்குக் கை நடுங்கலையா?"

அவன் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "சாமி உள்ள இல்லையேக்கா. கொட்டகைக்கு மாத்தியாச்சே. நீங்கதானே பாலாலயம் வைக்கணும்னீங்க? அதுக்கப்புறம் அது சும்மா செவுருதான்லா."

வழக்கப்படி பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அம்மன் வெளியேறிவிட்டாள், மிச்சமிருந்தது செங்கல். என் பக்தியையே எடுத்து என் கழுத்தில் கத்தியாக வைத்துவிட்டான்.

"வாளிக்காரி எங்க?"

"அது சாமியா, இல்லையே. ஆகமத்துல அப்படி ஒண்ணும் கெடையாது, ஸ்தபதியே படத்தப் பாத்துச் சிரிச்சாரு. புதுசா ரெண்டு துவாரபாலகி வைக்கிறோம், கல்லுல." சமப்படுத்திய மண்ணைக் கையால் காட்டினான். "இடிச்சதெல்லாம் கார் நிறுத்துற எடத்துல கொட்டி மெத்திட்டோம்."

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. நல்லா இருப்பியா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கும் கோபம் வந்தது.

"நாம எப்பவும் பழசுலயே கெடக்கணுமாக்கா? லயத்துல பொறந்தோம், வாளி தூக்கினோம்னு வாசல்லயே வச்சுக் காட்டணுமா? எம்மவளப் பொண்ணு கேட்டு வந்தவங்க, இதான் உங்க கோயிலா, மாட்டுக் கொட்டாய்னு நெனச்சோம்னாங்க. நான் தலைவர்லா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அதைக் கேட்டபோது ஒரு நிமிடம் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரி சொன்னது அவனுக்கும் தெரியும். கட்டடத்தின் வயதுதான் நம் பத்திரம் என்று அவனும் என் பக்கத்தில் நின்று கேட்டுத் தலையாட்டினான். அவள் இலாகாவிலும் காகிதம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அதையும் அவனிடம் கேட்டேன்.

"அதெல்லாம் பேசிக்கலாம்க்கா. பெரிய கோயிலா இருந்தா எவன் கை வைப்பான்?"

அன்று சாயங்காலம் அவன் பெண்சாதி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. கோபுரம் கட்டும் செலவை ஒரு பெரிய மனிதர் பொறுப்பேற்றதிலிருந்தே எல்லோருக்கும் தெரியுமாம். என்னைத் தவிர எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் இன்னொரு குழு தொடங்கியிருக்கிறார்கள். நான் ஜொகூரில் உட்கார்ந்து பழைய குழுவில் பேரன் படத்தைப் போட்டபோது எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய், எந்தப் பக்கச் சுவரை முதலில் தள்ளுவது என்று பேசியிருக்கிறார்கள்.

"ஒனக்கும் தெரியுமாடி?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னுட்டாருக்கா" என்று அழுதாள். நான் அழவில்லை. சுண்ணாம்பில் பொத்துப்போன அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் செய்ததைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டேன், இவளுடைய மௌனத்தை இன்றுவரை தாங்க முடியவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்று சும்மா சொல்லிவிடுகிறோம். குழி பறிக்கும்போது கூட இருப்பவள் நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டும் இருக்கிறாள்.

கும்பாபிஷேகத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். "நீ போகலேன்னா அம்மன்கிட்டயும் கோவம்னு ஆயிடும்" என்று வீட்டுக்காரர் சொன்னார், அதனால் போனேன். ஊரே திரண்டிருந்தது. கோபுரம் பச்சையும் ரோஜாவும் மஞ்சளுமாகப் பளபளத்தது. உள்ளே முழுக்க வழுக்குகிற பளிங்கு. பழைய அம்மனையே வைத்திருந்தார்கள், அதுவரை சந்தோஷம். ஆனால் அத்தனை வெளிச்சத்தில் அவள் முகம் எனக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு நேரம் நின்றும் கும்பிட வரவில்லை.

அப்புறம் ஒலிபெருக்கியில் என் பேரைக் கூப்பிட்டார்கள். "இந்த ஆலயத்தைக் காத்த வீரத்தாய்" என்றார் அறிவிப்பாளர். ஐயோ கடவுளே, நான் செத்தே போயிருக்கலாம். நாலு பேர் தள்ளி மேடையேற்றினார்கள். அவனே என் தோளில் பொன்னாடை போர்த்தி, காலில் விழுந்து கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வேறு. நடிப்பு என்று சொல்ல மாட்டேன், நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"நான் காத்த கோயிலு இது இல்ல. அது கார் நிறுத்துற எடத்துக்கு அடியில கெடக்கு. எல்லாரும் அது மேலதான் காடிய நிறுத்திட்டு வந்திருக்கீங்க."

அறிவிப்பாளர் மேளக்காரர்கள் பக்கம் கையை ஆட்டினார். கெட்டிமேளம் கொட்டி என் குரலை அமுக்கிவிட்டார்கள். கீழே இருந்தவர்கள் நான் என்னமோ ஆசீர்வாதம் சொன்னதாக நினைத்துக் கை தட்டினார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்த அதிகாரி வந்தாள். பாதுகாப்பில் சேர்ப்பதற்குக் கடைசியாக ஒருமுறை பார்த்துப் படமெடுத்துப் போக வேண்டுமாம். நான் போன் செய்து முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவன் சால்வை, மாலை, குளிர்பானம் எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அவள் காரிலிருந்து இறங்கினாள், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வழி தவறி வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"காக், யாங் லாமா மானா?" என்று என்னைக் கேட்டாள். பழையது எங்கே என்று.

நான் அவள் நின்ற தரையைக் காட்டினேன்.

அவள் திட்டவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று அவனிடம் மரியாதையாகச் சொன்னாள். பிறகு, பழைய கட்டடத்துக்காகத்தான் தான் இவ்வளவு நாளும் பேசியதாகவும், இது புதுக் கட்டடம், இதற்காகத் தன் இலாகா பேச முடியாது என்றும் சொன்னாள். குளிர்பானத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள். அந்தப் பெண்ணின் முன்னால் எனக்கு வந்த வெட்கம் என் விரோதிக்கும் வரக் கூடாது.

அதற்கப்புறம் கம்பெனிக்காரனுக்கு வேலை எளிதாகிவிட்டது. பழைய கோயில் என்று தயங்கிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது எதிரே நிற்பது அனுமதி இல்லாமல் அவன் நிலத்தில் புதிதாக எழும்பிய கட்டடம். காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசைக் கோபுர வாசலிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். பொறுப்பேற்ற பெரிய மனிதர் போனை எடுப்பதில்லையாம்.

போன வாரம் தலைவன் தன் பெண்சாதியோடு என் வீட்டுக்கு வந்தான். கையில் பழப்பை. முகம் சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வருவானே, அதே முகம். உட்காரச் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, மறுபடியும் நாம எல்லாரும் ஒண்ணு சேரணும்" என்றான். "அந்த மேடம்கிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க. பழைய படமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? அதக் காட்டுங்க, நம்ம தாத்தா காலத்துக் கோயிலுன்னு சொல்லுங்க. மெஷின் வந்தா முன்ன மாதிரியே நான் மொத ஆளா போயி உக்காருறேன். எப்படியாவது காப்பாத்தணும்க்கா."

"எதைடா காப்பாத்தணும்?" என்று கேட்டேன்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அவன் வாயைத் திறந்தான், பெண்சாதியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். இன்னதை என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால், அவன்மேல் உள்ள அத்தனை ஆத்திரத்தோடும் நான் அப்போதே புடவை மாற்றிக்கொண்டு அவனோடு கிளம்பியிருப்பேன்.